பதினோராம் கட்டம்

(கர்நாடகத்தின் சந்தாபுராவில் தமிழ் மக்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தரகர். ஊர் வழக்கில் சொன்னால் புரோக்கர், விசிட்டிங் கார்டில் போட்டால் ரியல் எஸ்டேட் ஏஜென்ட். ஒரு மனிதனின் நில உரிமையைக் காப்பதில் அவருக்குச் சட்டம் என்ன பொறுப்பைக் கொடுத்திருக்கிறது? அந்தப் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்கிறாரா? நாம் எடுத்துக்கொள்ள வைக்கிறோமா? இந்த மூன்று கேள்விகளோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

சந்தாபுரா சர்க்கிளிலிருந்து ஆனேக்கல் ரோட்டில் திரும்பி ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். எத்தனை போர்டுகள்! கத்தா ரெடி, லோன் ரெடி, ரெஜிஸ்ட்ரேஷன் ரெடி. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கியதும் போர்டுகளில் இன்னொரு வரி ஏறிவிட்டது: மெட்ரோ பக்கம். ரயில் வந்தது நமக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் எந்த ஊரில் நிலத்தின் விலை ஓடுகிறதோ, அந்த ஊரில் காகிதத்தைப் படிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நாளைக்கு விலை ஏறிவிடும், இன்றைக்கே டோக்கன் போடுங்கள் என்கிறார்கள். நாமும் போடுகிறோம்.

நானும் போட்டவன்தான். பல வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்றைப் பார்த்தேன். காட்டிய தரகர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர், வாய் நிறையத் தமிழ் பேசுவார். ஓரமாக இரண்டு தென்னை, கொஞ்ச தூரத்தில் போர்வெல், எதிரே ரோடு. மனம் அங்கேயே வீடு கட்டிவிட்டது. விற்பவரிடம் ஐம்பதாயிரம் ரூபாய் டோக்கன் கொடுத்தேன். தரகர் என் கையில் ஒரு கட்டு ஜெராக்ஸ் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தேன். எல்லாம் கன்னடம். படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன், மடித்து வைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கன்னட டீச்சரம்மா இருந்தார். என் மனைவிதான் அந்தக் கட்டை அவரிடம் எடுத்துக்கொண்டு போனாள். டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பானியை எடுத்தார். தமிழ்நாட்டில் நமக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் என்றிருப்பதுபோல் கர்நாடகத்தில் விவசாய நிலத்துக்கு இருக்கும் பதிவேட்டுப் பக்கம் அது, ஆர்.டி.சி. என்றும் சொல்வார்கள். அதில் கட்டங்கள் உண்டு. ஒன்பதாம் கட்டத்தில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். டீச்சரம்மா அந்தப் பெயரைப் படித்தார். என்னிடம் டோக்கன் வாங்கியவர் பெயர் அங்கே இல்லை, அவருடைய அண்ணன் பெயர் இருந்தது. பிறகு பதினோராம் கட்டம். உரிமைகளும் கடன்களும் எழுதும் இடம் அது. அங்கே ஒரு சொசைட்டிக் கடன் தீராமல் கிடந்தது.

அந்த வியாபாரம் நின்றது. டோக்கனில் பாதி ஆறு மாதம் கழித்து வந்தது. பணம் போனதை நான் என்றோ மறந்துவிட்டேன். மறக்காதது ஒன்று உண்டு. அந்தத் தரகருக்குக் கன்னடம் நன்றாகவே படிக்கத் தெரியும். ஒன்பதாம் கட்டத்தை அவர் படித்திருந்தார். பதினோராம் கட்டத்தையும் படித்திருந்தார். எனக்குப் படித்துக் காட்டவில்லை. அவ்வளவுதான். நிலத்தைக் காட்டினார், தென்னையைக் காட்டினார், போர்வெல்லைக் காட்டினார், ரோட்டைக் காட்டினார். பதினோராம் கட்டத்தை மட்டும் காட்டவில்லை.

நண்பர்களே, நில உரிமையைப் பற்றிய சட்டம் முழுவதும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிக் கிடப்பதாகவே எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் என்ன நினைக்கிறோம்? சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கைரேகை வைத்தாயிற்று, போட்டோ பிடித்தாயிற்று, சீல் விழுந்தாயிற்று, இனி அரசாங்கமே நமக்குச் சாட்சி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அங்கே பதிவாவது பத்திரம். விற்பவருக்கு அந்த நிலத்தில் உண்மையில் உரிமை உண்டா என்பதற்கு அந்தச் சீல் உத்தரவாதம் தருவதில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் தெளிவாகச் சொன்னது. விற்பவர் தன் மூல உரிமையைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாட்டில் 55-ஏ என்றொரு விதி இருந்தது. அது பதிவுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலையல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உலகத்தில் வேறு வழியும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை 1858-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அரசே அதற்குப் பொறுப்பு. நம் நாட்டில் அந்தப் பொறுப்பை அரசு ஏற்கவில்லை.

அரசு ஏற்கவில்லை என்றால் யார் பார்ப்பது? வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓசூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து, பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன் நின்று, சீட்டுப் போட்டு, நகையை வைத்துப் பணம் சேர்த்தவர், தனக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும் காகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது நடக்கிற காரியமா? நடக்காது. அதனால்தான் நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார். அதனால்தான் தரகர் என்ற தொழிலே இருக்கிறது. அந்த நடு மனிதரைச் சட்டம் நெடுங்காலம் கண்டுகொள்ளாமலே இருந்தது. பிறகு கண்டுகொண்டது.

2016-இல் பாராளுமன்றம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ரேரா என்கிறோமே, அதுதான். 2017 மே 1 முதல் அது முழுமையாக நடப்புக்கு வந்தது; அதே ஆண்டு ஜூலையில் கர்நாடகம் தன் விதிகளை வெளியிட்டது. பில்டரைப் பற்றிய சட்டம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் தரகருக்கென்றே இரண்டு பிரிவுகள் உண்டு, 9-உம் 10-உம்.

ஒன்பதாம் பிரிவு சொல்கிறது: பதிவு செய்யாமல் எந்தத் தரகரும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் திட்டத்தில் ஒரு மனையைக்கூட விற்றுத்தர முடியாது. அவருக்கு ஓர் எண் தரப்படும். அவர் முடித்துவைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். பத்தாம் பிரிவு இன்னும் கூர்மையானது. பதிவாகாத லேஅவுட்டை விற்றுத்தராதே என்கிறது. கணக்குப் புத்தகம் வை என்கிறது. இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லாதே என்கிறது. கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வரி. மனையைப் பேசி முடிக்கும் நேரத்தில், வாங்குபவருக்கு உரிமையுள்ள எல்லாத் தகவலும் எல்லா ஆவணமும் அவர் கைக்குக் கிடைக்கத் தரகர் துணை நிற்க வேண்டும். எல்லாத் தகவலும்! எல்லா ஆவணமும்! பேசி முடிக்கும் நேரத்தில்! என் தரகர் பதினோராம் கட்டத்தை எனக்குப் படித்துக் காட்டாதபோது சட்டத்தில் இப்படி ஒரு வரி இல்லை. இன்று இருக்கிறது. இந்த இரண்டு பிரிவுகளில் எதை மீறினாலும் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அந்த மனை விலையில் ஐந்து சதவீதம் வரை அது ஏறிக்கொண்டே போகலாம்.

இங்கே யாராவது எழுந்து கேட்கலாம்: ஐயா, அதெல்லாம் நூறு ஏக்கர் லேஅவுட்டுக்கு, எங்கள் பக்கம் விற்பது சின்னச் சின்ன சைட்டுகள்தானே? நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது குண்டே ஓர் ஏக்கர். ஒரு குண்டே 1,089 சதுர அடி. நிலத்தைப் பிரித்து விற்கும் திட்டத்தில் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரேராவில் பதிய வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,380 சதுர அடி. ஆக, திட்டப் பகுதிக்குள் ஐந்து குண்டே நிலத்தைத் துண்டு போட்டு விற்றாலே எல்லையைத் தாண்டியாயிற்று! ரோடு விடாமல் அளந்தால்கூட நாலு சைட்தான் வரும். நாலு சைட் விற்கிறவரையே சட்டம் பிடிக்கும்போது, ராகி விளைந்த ஓர் ஏக்கரைச் சுண்ணாம்புக் கோடு போட்டு விற்பவரும், அதை நமக்குக் கொண்டுவந்து காட்டுபவரும் எப்படித் தப்ப முடியும்?

இப்போது அரை உண்மைகளைப் பற்றிப் பேச வேண்டும். முழுப் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் நண்பர்களே. அரை உண்மைதான் ஆளை விழுங்குகிறது.

ஓர் அரை உண்மை: சார், இப்போ யார் வேண்டுமானாலும் விவசாய நிலம் வாங்கலாம், சட்டம் மாறிவிட்டது. மாறியது நிஜம். விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்த 79-ஏ, 79-பி பிரிவுகளை 2020-இல் கர்நாடகம் நீக்கியது. ஆனால் வாங்கலாம் என்பது வேறு, வீடு கட்டலாம் என்பது வேறு. விவசாய நிலத்தில் குடியிருப்பு வேண்டுமானால் நில மாற்றம் வேண்டும், கன்வெர்ஷன் என்று நாம் சொல்வது. லேஅவுட் என்றால் திட்ட ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டதால்தான் கன்வெர்ஷன் ஆகாத ரெவின்யூ சைட்டை வாங்கிவிட்டு, பேங்க் கடனும் கிடைக்காமல், வரைபட அனுமதியும் கிடைக்காமல் எத்தனையோ குடும்பங்கள் தவிக்கின்றன.

இன்னொன்று: ஜி.பி.ஏ. இருக்கிறது, போதும். பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிலம் வாங்கியதாக நினைப்பவர்கள் இந்த அவையில்கூட இருக்கலாம். 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது: அதிகாரப் பத்திரத்தால் நிலத்தின் உரிமை கைமாறாது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். கத்தாவும் அப்படித்தான். கத்தா வரிக் கணக்கு. அது உரிமைப் பத்திரம் ஆகாது.

மூன்றாவது ஒன்றைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்தப் பக்கத்து ஊர்களில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலங்கள் உண்டு. 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. நிலம் அந்தக் குடும்பத்துக்கே திரும்பும். நாள் கடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கும் வழியையும் 2023-இல் கர்நாடகம் திருத்தம் கொண்டுவந்து அடைத்தது. ஊரில் பிறந்த தரகருக்கு அது எந்த நிலம் என்று தெரியும். யாருடைய தாத்தாவுக்குக் கொடுத்தது என்றும் தெரியும். தெரிந்தும் அவர் வாயை மூடிக்கொண்டால் இரண்டு பேருடைய உரிமை போகிறது. கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அற்ப விலைக்குக் கைநாட்டு வைத்த அந்தக் குடும்பத்தின் உரிமை ஒன்று. ஒன்றும் தெரியாமல் தன் சேமிப்பை எல்லாம் கொட்டிய நம் தொழிலாளியின் உரிமை இன்னொன்று. நடுவில் இருந்தவர் கமிஷனை எண்ணிக்கொண்டு போய்விடுகிறார். இதை என்னால் வியாபாரம் என்று சொல்ல முடியவில்லை.

தாய்மார்கள் கவனிக்க வேண்டும், அடுத்து வருவது உங்களைப் பற்றியது.

வில்லங்கச் சான்று எடுத்தேன், சுத்தமாக இருக்கிறது என்று சொல்வோம். இ.சி. என்ன காட்டும்? பதிவானதைக் காட்டும். பதிவாகாததைக் காட்டாது. ஒரு கிராமத்துப் பெரியவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். ஒரு மகளை அத்திப்பள்ளியில் கொடுத்தார்கள், இன்னொரு மகளை ஓசூரில். மகன்கள் மூவரும் பானியில் பெயர் ஏற்றிக்கொண்டார்கள், மூவரும் விற்கிறார்கள். இ.சி.யில் ஒரு கறையும் இல்லை. பாட்டன் வழிச் சொத்தில் அந்த இரண்டு பெண்களுக்கும் பங்கு உண்டா? உண்டு. மத்திய அரசின் வாரிசுரிமைத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் அதற்கு முன்பே திருமணமாகாத மகள்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்திருந்தன. மத்தியத் திருத்தம் வந்த அந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஓசூர் மகள் ஒருநாள் வந்து கோர்ட்டில் வழக்குப் போட்டால், வாங்கியவர் கட்டிய வீட்டின் கதி என்ன? அந்தப் பெண் மேல் குற்றம் உண்டா? கிடையாது. அவள் தன் பங்கைக் கேட்கிறாள்.

அந்த மகளை எந்தக் கம்ப்யூட்டரும் நமக்குக் காட்டாது. அரசின் பூமி தளத்தில் பானி வரும், காவேரி தளத்தில் இ.சி. வரும், ஓசூரில் வாக்கப்பட்ட மகள் வரமாட்டாள். அவளை அறிந்தவர் யார்? அந்த ஊர்த் தரகர். அவள் கல்யாணத்தில் சாப்பிட்டவர் அவர்! பெரியவரே, வீட்டில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், வம்ச விருட்சத்தில் எல்லார் பெயரும் இருக்கிறதா, பத்திரத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்களா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால், வாங்குபவரின் வீடும் தப்பும், அந்தப் பெண்ணின் பங்கும் தப்பும். வக்கீல் காகிதத்தைப் படிக்கிறார். ஊரைப் படித்தவர் தரகர். நிலத்தின் உரிமை பாதி காகிதத்திலும் பாதி ஊரின் ஞாபகத்திலும் இருக்கிறது. அந்த ஞாபகத்தின் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

சட்டத்தின் எல்லையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் பழைய வீட்டையோ ஒற்றை மனையையோ மறுபடி விற்கும்போது ரேரா அநேகமாகத் துணைக்கு வராது. தரகர் நிலத்தின் உரிமைக்கு ஜாமீன்தாரரும் ஆகமாட்டார். உரிமையில் ஓட்டை இருந்து நமக்கு நஷ்டம் வந்தால், ரேரா திட்டங்களில் ஈடுகட்ட வேண்டியவர் மனை போட்டு விற்ற புரமோட்டர். ஆனால் ரேரா இல்லாத இடத்தில் தரகர் சுதந்திரப் பறவை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் நூற்றைம்பது வருடமாக இருக்கிறது. முகவர் தன்னை அமர்த்தியவருக்குத் தகுந்த திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்ய வேண்டும், கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. தெரிந்தே ஏமாற்றினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய 420 என்றால் உங்களுக்கு உடனே புரியும்.

நம் பக்கத்துத் தவறையும் பேசாமல் போக முடியாது. தரகரிடம் நாம் என்ன கேட்கிறோம்? விலையைக் குறைத்துக் கேட்கிறோம், கமிஷனைக் குறைத்துக் கேட்கிறோம். உங்கள் ரேரா எண் என்ன என்று கேட்டிருக்கிறோமா? நீங்கள் சொன்னதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோமா? நல்லது செய்யும் தரகர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இந்த நிலம் வேண்டாம் சார், அதில் கேஸ் இருக்கிறது என்று சொல்லித் தன் கமிஷனைத் தானே இழந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த தரகரிடம் போனோம். வேண்டாம் என்று சொன்னதற்கும் கூலி கொடுக்க நாம் பழக வேண்டும். வக்கீலுக்குக் கருத்துரைக் கட்டணம் கொடுப்பதுபோல், விசாரித்துச் சொன்ன தரகருக்கும் ஒரு தொகை கொடுங்கள். பத்திரம் முடிந்தால்தான் பணம் என்று வைத்தால், பத்திரம் முடிவதைத்தான் அவர் பார்ப்பார்.

மேடைக்கு முன் வரிசையில் அமர்ந்திருக்கும் தரகர் நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக்குக் காலை உங்கள் ஆபீசுக்கு ஒரு தம்பி வருவார். கம்பெனிச் சட்டை போட்டிருப்பார். கன்னடம் பேசுவார், படிக்க வராது. நீங்கள் பைக்கை எடுப்பதற்கு முன்னால், நிலத்தைக் காட்டுவதற்கு முன்னால், அந்த நிலத்தின் பானியை மேசையில் விரியுங்கள். விரலை வைத்து ஒன்பதாம் கட்டத்தைப் படித்துக் காட்டுங்கள். பிறகு விரலை நகர்த்திப் பதினோராம் கட்டத்தைப் படித்துக் காட்டுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், ஒன்றும் இல்லை என்று படித்துக் காட்டுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இந்த மண்டபத்தின் வலப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். கன்னடம் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் நான்கு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பானி, கத்தா, இ.சி., மூலப்பத்திரம், எது கையில் இருந்தாலும் அவர்களிடம் கொடுங்கள், படித்துச் சொல்வார்கள். டோக்கன் கொடுத்துவிட்டு இன்னும் பத்திரம் பதியாதவர்கள் முதலில் வரிசையில் நில்லுங்கள்.